செல்லக்கனிக்குத் தண்ணீர் கொடுத்த கை

போன மாதம் பிசியோதெரபி படிக்கும் பெண்கள் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். கல்லூரி மலரில் போட ஒரு கட்டுரை வேண்டுமாம். கை கால் விளங்காத, புத்தியும் வளராத பிள்ளைகளோடு ஆயுசைக் கழித்த கிழவி என்று யாரோ என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேரில் துடுக்கான ஒருத்தி கேட்டாள்: "இப்பல்லாம் விழுங்க முடியாதவங்களுக்கு மூக்கு வழியா டியூப் போட்டுடறாங்க மேடம். பத்தே நிமிஷம். அந்தக் காலத்துல எப்படிச் சமாளிச்சீங்க? தப்பு எதுவும் நடந்ததில்லையா?"

நியாயமான கேள்வி. நான் முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவளும் சமர்த்தாக ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவர்கள் போன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். மலருக்கு நீளம் அதிகம் என்றால் என் படிப்பு, பரீட்சை எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். செல்லக்கனியை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் சாத்தான்குளத்துக்காரி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நர்ஸ் படிப்பு மூன்று வருஷம். படுக்கை விரிக்கவும், ஊசியைக் கொதிக்க வைக்கவும், டாக்டர் வந்தால் எழுந்து நிற்கவும் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றிலும் நான்தான் முதல். அந்த மிதப்போடு தூத்துக்குடியில் வந்து இறங்கினேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. வந்து இறங்கியபோது என் வெள்ளைச் சேலை சாம்பல் நிறத்தில் இருந்தது.

எங்கள் இல்லம் முன்பு ஒரு சங்கு வியாபாரியின் கிட்டங்கியாக இருந்த கட்டடம். மூட்டை ஏற்றி இறக்கக் கட்டிய அகலக் கதவுகள், உயரமான ஓட்டுக்கூரை, கடலைப் பார்த்த வராந்தா. இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். நாலு வயசுப் பிள்ளையும் உண்டு, முப்பது தாண்டியவர்களும் உண்டு. கை கால் விறைத்துப் பின்னிக்கொண்டவர்கள், கழுத்து நிற்காதவர்கள், ஒரு சொல்லும் பேசாதவர்கள். பக்கத்துக் கிட்டங்கியில் இன்னும் சங்கு குவித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருக்கும் சதை அழுகி விழும்வரை அதை அப்படியே போட்டு வைப்பார்கள். காற்று திரும்பினால் எங்கள் கஞ்சியிலும் அந்த வாடைதான். பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். பத்து நாளில் எனக்குப் பழகிவிட்டது. அதன் பிறகு விடுமுறையில் ஊருக்குப் போனால் என் சேலையை முகர்ந்துவிட்டு அம்மா என்னைக் கிணற்றடிக்குத் துரத்துவாள்.

மேட்ரன் அன்னபாக்கியம் அம்மா ஒல்லியான மனுஷி. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. முதல் நாள் காலையில் என் சர்டிபிகேட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கக்கூட இல்லை.

"ஏளா, அதைப் பெட்டியில வையி. இங்கன வந்து படு."

படுத்தேன். இரண்டு துண்டுகளால் என் கைகளைக் கட்டிலோடு கட்டினார். "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பேசக் கூடாது. கை கால் அசைக்கக் கூடாது. உனக்கு என்ன வேணும்னு எங்களுக்குத் தெரியுதான்னு பாப்போம்" என்றார்.

புதிதாக வேலைக்கு வரும் எல்லாருக்கும் அங்கே அதுதான் முதல் பாடம். ஆயா வந்து எனக்குக் கஞ்சி ஊட்டினாள். முதல் கரண்டி நாக்கைப் பொசுக்கியது. அடுத்த கரண்டி வருவதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். மூக்கின்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்து குடித்தனம் நடத்தியது. கஞ்சியில் உப்பில்லை. சொல்ல வழியில்லை. சாயங்காலம் கட்டை அவிழ்த்தபோது மேட்ரன் கேட்டார்: "எது கஷ்டமா இருந்துது?"

ஈ என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உள்ளே இருந்து வேறு வந்தது. "அடுத்த கரண்டி எப்ப வரும்னு தெரியாம இருந்தது அம்மா."

மேட்ரன் தலையை ஆட்டினார். "சரி. நாளையில இருந்து வேலைக்கு வா."

ஊட்டுவதை அவர் சொல்லித்தந்த விதத்தை இப்போதும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். இடது கையைத் தோளைச் சுற்றிக் கொண்டுபோய், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாடையைப் பிடிக்க, நடுவிரல் தாடைக்கு அடியில் இருக்க வேண்டும். கரண்டி மேலே இருந்து வரக் கூடாது. நெஞ்சுக்கு நேரே, கீழே இருந்து வர வேண்டும். அப்போது பிள்ளையின் கண் கீழே பார்க்கும், கூடவே மோவாயும் இறங்கும். மோவாய் இறங்கினால்தான் விழுங்குவது நல்ல வழியில் போகும். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சு போகும் வழி திறந்துகொள்ளும், கஞ்சி நெஞ்சுக்குள் போய்விடும். மேட்ரனுக்குச் சிறு வயசில் தொண்டை அடைப்பான் வந்து, பிழைத்த பிறகும் கொஞ்ச நாள் குடித்தது எல்லாம் மூக்கு வழியாக வந்ததாம். மோவாயை நெஞ்சில் இடித்துக்கொண்டு குடித்தால் இறங்குகிறது என்று அவரே கண்டுபிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் புத்தகமெல்லாம்.

கஞ்சியைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. அது ஓடிவிடும். தண்ணீருக்கென்று ஆளுக்கொரு சிரட்டை வைத்திருந்தோம். நன்றாகத் தேய்த்து மழமழவென்று ஆக்கிய தேங்காய்ச் சிரட்டை. ஒரு பக்கம் மூக்கு இடிக்காமல் இருக்க அரை வட்டமாக வெட்டியிருக்கும். மூக்கு இடிக்காவிட்டால் தலையைப் பின்னால் சாய்க்காமலே கடைசிச் சொட்டு வரை குடித்துவிடலாம். உதட்டில் விளிம்பை வைத்து, ஒரு வாய், விழுங்கும்வரை பொறுத்திரு, அடுத்த வாய். ஒருவருக்கு ஊட்டி முடிக்க முக்கால் மணி, ஒரு மணி ஆகும். என் பொறுப்பில் ஆறு பேர்.

அந்த ஆறு பேரில் அந்தோணியும் ஒருவன். சங்கு குளிக்கப் போகிறவரின் மகன். இருபத்தைந்து வயசு. பிறந்ததில் இருந்து இரண்டு கையும் முஷ்டி மடக்கியபடியே. தோணி கட்டும் ஆசாரி ஒருவர் அவன் உடம்புக்கு அளவெடுத்து நாற்காலி செய்து தந்தார். கால் இழுத்துக்கொள்ளாமல் இருக்கப் பாதத்தின்மேல் மணல் பை. தினமும் காலையில் வெயிலில் சுட்ட மணலைச் சாக்கில் கட்டி, முழங்கையில் இருந்து விரல் நுனி வரை ஒற்றடம், அப்புறம் கட்டை விரலை மட்டும் மெல்ல வெளியே எடுப்பது. மற்ற விரல்களை இழுக்கக் கூடாது, இழுத்தால் இன்னும் இறுகும். இப்படி மூன்று வருஷம். ஒரு நாள் அவன் அப்பா ஈரம் காயாத சங்கு ஒன்றைக் கையில் வைத்தார். அந்தோணி அதைப் பிடித்தான். பத்து எண்ணும்வரை பிடித்திருந்தான். மூன்று வருஷத்துக்குப் பத்து எண்ணிக்கை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அன்றைக்கு மேட்ரன் இருபத்திரண்டு பேர் கஞ்சியிலும் கருப்பட்டி போடச் சொன்னார்.

செல்லக்கனி வந்தது என் இரண்டாவது வருஷத்தில். உடன்குடிப் பக்கம், கருப்பட்டி வியாபாரக் குடும்பம். பதினோரு வயசு, ஆறு வயசுப் பிள்ளையின் எடை. கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிய கால்கள். யாரையும் தெரியாது என்றுதான் அழைத்து வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அவள் அம்மா சொர்ணத்தின் வளையல் சத்தம் கேட்டால் கண் அந்தப் பக்கம் போகும். மாதம் தவறாமல் சளியும் காய்ச்சலும். உள்ளூர் வைத்தியர் கைவிட்ட பிறகு எங்களிடம் வந்தாள்.

சொர்ணம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கரி பஸ்ஸில் வந்துவிடுவாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கையில் ஒரு தூக்குவாளி. மத்தியானச் சாப்பாட்டை அவளே ஊட்டுவாள். அதற்காகவே வருவாள் என்றும் சொல்லலாம். முதல் ஞாயிறு நான் சிரட்டையில் தண்ணீர் கொண்டுபோனதும் அவள் முகம் சிவந்துவிட்டது.

"காப்பிக் கடையில யாருக்குச் சிரட்டையில ஊத்துவாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா நர்சம்மா? எம்பிள்ளைக்கு அதுலயா குடுக்கணும்?"

மேட்ரன் சத்தம் போடாமல் உள்ளே போய்த் தன் காப்பியை எடுத்து வந்து அவள் எதிரில் நின்று குடித்தார். அதுவும் சிரட்டையில்தான். சொர்ணம் மறுவாரம் வீட்டில் இருந்து பித்தளைச் செம்பு கொண்டு வந்தாள். நாங்கள் அந்தப் பக்கம் போனதும் பிள்ளையின் தலையை மடியில் பின்னால் சாய்த்து, உதட்டில் படாமல், மேலே இருந்து மெல்லிய தாரையாக ஊற்றினாள். நம் ஊரில் நாமெல்லாம் அண்ணாந்து குடிக்கிறவர்கள்தானே. எச்சில் படாமல் குடிப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையைத்தான் அவள் தன் பிள்ளைக்குக் கொடுத்தாள். நான் பார்த்தேன். மேட்ரனிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஆறு பேருக்கு ஆறு மணி நேரம். சாயங்காலம் ஆனால் இடுப்பு விட்டுப்போகும். கஞ்சியை ஒழுங்காக ஊட்டிவிட்டு, கடைசியில் தண்ணீரை மட்டும் யாரும் பார்க்காதபோது தலையைச் சாய்த்து ஊற்றிவிடுவேன். அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். சின்ன வயசில் டம்ளரில் வாய் வைத்ததற்காக அம்மாவிடம் எத்தனையோ குட்டு வாங்கியவள் நான். ஊற்றுவது தப்பு என்று என் புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிறு சாயங்காலம் செல்லக்கனிக்கு அப்படி ஊற்றினேன். இருமினாள். உதடு நீலம் பூத்தது. முதுகைத் தட்டியதும் சரியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, நிமோனியா, இரண்டு பக்கமும் என்றார். பெனிசிலின் எங்கள் ஊருக்கு வராத காலம். சல்ஃபா மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிட்டு, பிழைத்தால் உங்கள் ஆண்டவர் புண்ணியம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேட்ரன் என்னைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை இவளுக்கு என்ன குடுத்தது? யாரு குடுத்தது?"

நான் சொன்னேன்: "அவ அம்மா வந்திருந்தாம்மா."

பொய் இல்லை. வந்திருந்தாள். அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு இருபத்தொரு வயசு, வேலை போய்விடும் என்று பயம். இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

செல்லக்கனி பிழைத்தாள். அடுத்த ஞாயிறு மேட்ரன் சொர்ணத்திடம், வீட்டில் எப்படித் தண்ணீர் கொடுப்பாய் என்று வெறும் செம்பை வைத்துச் செய்துகாட்டச் சொன்னார். அவள் சூதுவாது இல்லாமல் தலையைச் சாய்த்துக் காட்டினாள். அதோடு தீர்ப்பாகிவிட்டது. பிள்ளையைப் பார்க்கலாம், மடியில் வைக்கலாம், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய்விட வேண்டும். சொர்ணம் ஒவ்வொரு ஞாயிறும் மணி அடித்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

நான் அன்றோடு ஊற்றுவதை விட்டேன். எத்தனை நேரமானாலும் சிரட்டைதான், ஒவ்வொரு வாயாகத்தான். செல்லக்கனிக்கு நாலு மாசம் காய்ச்சலே வரவில்லை. எடை ஏறியது. மேட்ரன் சந்தோஷப்பட்டார். டாக்டர் சந்தோஷப்பட்டார். அம்மா கை படாததால்தான் பிள்ளை தேறியது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் திருந்தியதே அவளுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது.

நாலாம் மாசம் ஒரு ஞாயிறு சொர்ணம் கைக்குழந்தை இல்லாமல் வந்தாள். சின்னவன் எங்கே என்று கேட்டேன்.

"நாத்தனா கிட்ட விட்டுட்டு வந்துட்டேன் நர்சம்மா. அவன் இப்ப சோறு திங்க ஆரம்பிச்சுட்டான். அவதான் ஊட்டுதா. நான் ஊட்டல."

"ஏன்?"

கையை விரித்துக் காட்டினாள். "இது ராசியில்லாத கை. எங்க வீட்டுலயும் அதத்தான் சொல்லுதாங்க. இவள நானே கொல்லப் பாத்திருக்கேன். அவனையும் எதுக்கு? நீங்க நல்லா இருக்கணும் நர்சம்மா. உங்க கை பட்டுத்தான் எம்பிள்ள தேறுனா." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட அவமானத்தை எழுதத் தெரியவில்லை. கையை உருவிக்கொண்டு நேரே மேட்ரன் அறைக்கு ஓடினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நானும் கேக்காம விட்டுட்டேன்" என்றார். "சாயங்காலம் குடுத்தது யாருன்னு கேட்டிருக்கணும். தாயின்னதும் லேசாப் போச்சு." பிறகு என்னைப் பார்த்தார். "சரி, என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? போ. அவகிட்டச் சொல்லு."

வராந்தாவில் சொர்ணத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் ஊற்றியது நான், மறைத்தது நான், உன் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை என்னை நர்சம்மா, நீங்க என்று சொன்னவள், முதல் தடவையாக நீ என்றாள்.

"நாலு மாசம் என் கையைப் பட்டினி போட்டுட்டியே தாயீ."

அதற்குமேல் இரண்டு பேரும் அழுதோம். அவளுக்கு முன்னால் எனக்கு அழ என்ன உரிமை என்று பிறகு நினைத்திருக்கிறேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள்தான் முதலில் பேசினாள். "ஆனா நானும் அப்படித்தானம்மா ஊத்துனேன். பதினோரு வருசமா. அதுல என்ன தப்புன்னு எனக்கு இன்னும் விளங்கல. சொல்லிக்குடு."

வாயால் சொல்லி விளங்குகிற விஷயமா அது? அவளை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். "கையை அசைக்கக் கூடாது அக்கா" என்றேன். தலையைப் பின்னால் சாய்த்து, அரைக் கரண்டி தண்ணீர் மட்டும் ஊற்றினேன். புரைக்கேறி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது. "இப்படியா இருக்கும் அவளுக்கு? ஒவ்வொரு வாய்க்குமா?" என்று கேட்டாள். நான் அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைப் பிடித்து, ஒரு புதுச் சிரட்டையின் விளிம்பை அவள் உதட்டில் வைத்தேன். காப்பிக் கடை ஞாபகம் வந்திருக்கும். ஒரு நொடி உதட்டை இறுக்கினாள். பிறகு குடித்தாள்.

மேட்ரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மணி அடிச்சாச்சு. பிள்ளைக்குப் பசிக்கும்லா? யாரு ஊட்டப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சொர்ணம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். செல்லக்கனியை நிமிர்த்தி உட்கார வைத்தாள். முதலில் தாடை பிடிபடவில்லை, என் விரலை அவள் விரல்மேல் வைத்து இடம் காட்டினேன். அதன் பிறகு கையை எடுத்துவிட்டேன். ஒரு கரண்டி. பொறுத்திருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. "இறங்கிட்டு" என்றாள், தனக்குத்தானே. அடுத்த கரண்டி. "இறங்கிட்டு." வளையல் சத்தத்துக்குப் பிள்ளையின் கண் அம்மா முகத்தில் நின்றது. கஞ்சி முடிய முக்கால் மணி நேரம். அப்புறம் சிரட்டையில் தண்ணீர், ஒவ்வொரு வாயாக, கடைசிச் சொட்டு வரை.

முடிந்ததும் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, சொர்ணம் ஒரு கையைப் பிள்ளையின் முதுகில் தட்டத் தயாராக வைத்துக்கொண்டாள். இன்னொரு கையில் துணி. அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. மற்றவர்களுக்குச் சாப்பாடு முடிந்து ஆயா பாத்திரம் எடுக்க வந்துவிட்டாள். சொர்ணம் எழுந்திருக்கவில்லை.

"என்னக்கா, எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இருமுவா. தின்னு முடிச்சதும் இருமுவாள்ல? அதுக்குத்தான்."

"இனிமே இருமமாட்டாக்கா. அவ்வளவுதான், முடிஞ்சுட்டு."

சொர்ணம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். செல்லக்கனி வாயில் ஈரத்தோடு தூங்க ஆரம்பித்திருந்தாள். மூச்சு சத்தமில்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளைங்க சாப்பிட்டா இப்படித்தான் இருக்குமா தாயீ?" என்று சொர்ணம் கேட்டாள். "இருமுறதும் சாப்பாட்டுல சேத்தின்னுல்லா நான் இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."